சூடு இருக்கும்போதே: வீட்டுப் பட்டறையில் இரும்பு வேலை

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே ஒரு கொல்லுப் பட்டறை வைத்துக்கொண்டு இரும்பு வேலை பழக முடியுமா என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடமும், கற்றுக்கொள்ளப் பொறுமையும் உள்ள யாரும் இதைச் செய்யலாம். ஆனால் இந்த ஆசை வந்தவுடன் பலரும் முதலில் சாமான் பட்டியல்தான் போடுகிறார்கள். எந்தப் பட்டடை, எந்த உலை, எத்தனை சுத்தியல் என்று கடை கடையாக அலைகிறார்கள். வாங்கிக் குவித்த பிறகு எப்படிப் புழங்குவது என்று தெரியாமல் மூலையில் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு அடிப்படையான ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

பத்து மில்லிமீட்டர் கம்பி ஒன்றை உலையில் வைத்து மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த கணத்திலேயே அது ஆறத் தொடங்குகிறது. காற்று கொஞ்சம் சூட்டை வாங்குகிறது. குளிர்ந்த பட்டடை அதைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஏறக்குறைய பத்துப் பதினைந்து நொடிக்குள் மஞ்சள் போய், சிவப்பு வந்து, சிவப்பும் மங்கத் தொடங்கிவிடும். அந்த நொடிகளுக்குள் விழும் அடிதான் வேலை. அதற்குப் பிறகு விழும் அடிக்கு இரும்பு நகராது. தோள்தான் வலிக்கும், கம்பியில் வெடிப்பும் விழலாம். பட்டறையில் எது எங்கே இருக்க வேண்டும், எதை முதலில் கற்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். உலையிலிருந்து பட்டடைக்கு ஒரே எட்டில் திரும்பிவிட வேண்டும். நான்கு எட்டு நடந்தால் நடையிலேயே சூடு போய்விடும். குறடும் சுத்தியலும் குனிந்து தேடாமல் கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். காலடியில் எதுவும் கிடக்கக் கூடாது. காய்ந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் திரும்புகிறோம். கூரை தகரமாகவோ ஓடாகவோ இருக்கட்டும். கீற்றுக் கொட்டகைக்குள் உலை மூட்டுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. தரை மண்தரையாக இருப்பது நல்லது. சிமெண்டுத் தரையில் காய்ந்த இரும்பு விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும்.

சுவர் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பால்கனியில் பட்டறை போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, தோட்டமோ காலி மனையோ உள்ள நண்பர்களோடு சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை அமைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் பட்டறைக்குள் வெயில் நேராக விழவும் கூடாது. இரும்பின் சூட்டை நாம் நிறத்தை வைத்துத்தான் அறிகிறோம். நிழலில் பளிச்சென்று சிவந்து தெரியும் கம்பி, வெயிலில் வெறும் கறுப்பாகத் தெரியும். ஒரே மாதிரி நிழல் விழும் இடத்தில் வேலை செய்தால்தான் கண் பழகும்.

அடுத்தது பட்டடை. கொம்பு வைத்த சீமைப் பட்டடை கிடைத்தால்தான் தொழில் என்று நினைக்க வேண்டாம். நமக்கு வேண்டியவை கனமும் கடினமும். பட்டடை அசையாமல் எதிர்த்து நின்றால்தான் அடியின் விசை நடுவில் இருக்கும் இரும்புக்குள் போகும். வார்ப்பிரும்பில் செய்து பெயிண்ட் அடித்து விற்கும் மலிவான பட்டடைகள் அடியை விழுங்கிவிடும். ஓரம் சில்லுச் சில்லாக உடையும். வாங்குமுன் ஒரு பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் விட்டுப் பாருங்கள். முக்கால் உயரத்துக்கு மேல் துள்ளினால் நல்ல எஃகு. சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பலரும் தண்டவாளத் துண்டை நாடுகிறார்கள். நம் ரயில்வேயில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ எடையுள்ள தண்டவாளங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அரை மீட்டர் துண்டே முப்பது கிலோ வரை வரும். அதைப் படுக்க வைத்து அடித்தால் நடுவில் உள்ள மெல்லிய பகுதி அதிரும். செங்குத்தாக நட்டு அறுத்த முகத்தில் அடித்தால் அத்தனை கனமும் நேராக அடிக்குக் கீழே நிற்கும். ஆனால் ரசீது இல்லாத தண்டவாளத்தைத் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்க 1966ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஏலத்தில் எடுத்ததற்குச் சீட்டு இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் காயலான் கடையில் கிடைக்கும் தடித்த எஃகுப் பாளமோ பழைய இயந்திர அச்சுத் துண்டோ போதும்.

பட்டடையைக் கனமான புளியங்கட்டையில் அசையாமல் பொருத்துங்கள். நம் ஊர்ப் பழைய பட்டறைகளில் பட்டடைக் கல்லைத் தாழ நட்டு, கொல்லர் உட்கார்ந்தபடி இரும்பைத் திருப்பிக் கொடுக்க, எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். வீட்டில் தனியாக வேலை செய்கிறவர் நின்றபடி அடிப்பதுதான் வசதி. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினால், விரல் கணு தொடும் உயரத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முதுகு போகும். உயர்ந்தால் தோள் போகும்.

உலைக்கு வருவோம். புதிதாகப் பழகுகிறவருக்கு விறகுக்கரியைப் போல நல்ல எரிபொருள் இல்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. நிலக்கரியில் உள்ள கந்தகம் இதில் இல்லை என்றே சொல்லலாம், கசடும் குறைவு. பழைய டிரம்மைப் பாதியாக அறுத்து, உள்ளே களிமண்ணும் மணலும் கலந்து நான்கு விரல் தடிமனுக்குப் பூசி, நன்றாக உலரவிட்டு, பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினால் உலை தயார். அந்தக் குழாய் ஜி.ஐ. குழாயாக இருக்கக் கூடாது. அதன்மேல் பூசிய துத்தநாகம் சூட்டில் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும்.

காற்றுக்குக் கையால் சுற்றும் புளோயரே தொடக்கத்துக்கு ஏற்றது. கை நின்றால் காற்று நிற்கும், கரி மிச்சமாகும், கம்பியும் கருகாது. மோட்டார் புளோயர் என்றால் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும். கம்பியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். குழாய் வாய்க்கு நேரே வைத்தால் எரியாத காற்று இரும்பைத் தாக்கிச் செதில் செதிலாகத் தின்றுவிடும். குழாய்க்கு மேலே ஒரு கையகல ஆழத்துக்குக் கரி கனன்றுகொண்டிருக்க, அதற்கு மேல் கம்பியைப் படுக்க வைத்து, மேலேயும் கரியால் மூட வேண்டும்.

கருவிகளைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை ஒரு சுத்தியல் போதும். பெரிய சுத்தியல் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைப்பவர்கள், மூன்றாவது காய்ச்சலிலேயே குறி தவறி அடிப்பார்கள். தொடக்கத்தில் குறடுகூட வேண்டியதில்லை. இரண்டடி நீளக் கம்பியின் ஒரு முனையைக் காய்ச்சி மறுமுனையைக் கையில் பிடித்து வேலை செய்யலாம். குறடு வாங்கும்போது வாய் உங்கள் கம்பிக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத குறட்டிலிருந்து நழுவும் இரும்பு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதுகாப்பை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மாணவர்கள் இருக்கிறீர்கள். உடுத்துவது பருத்தித் துணியாக இருக்க வேண்டும். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேட்டி, லுங்கி, துப்பட்டா எதுவும் உலைப் பக்கம் வரக் கூடாது. தோல் ஷூ போட்டு, அதன் வாயை மூடும்படி கால்சட்டை விழ வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஓர் அடிகூட அடிக்காதீர்கள். காதுக்கு அடைப்பான் வேண்டும். காதின் கேட்கும் சக்தி போனால் திரும்பாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து சிவந்த இரும்பு அன்று, கறுத்த இரும்பு. நானூறு டிகிரி சூட்டில் உள்ள கம்பி பகல் வெளிச்சத்தில் குளிர்ந்த கம்பி போலவே இருக்கும். பட்டறையில் கிடக்கும் எதையும் புறங்கையை அருகே கொண்டுபோய் வெக்கை பார்த்த பிறகே எடுக்க வேண்டும். இரு முனையும் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் போன்றவற்றை உலையில் வைக்கவே கூடாது, வெடிக்கும்.

இனி இரும்பு. கடையில் எம்.எஸ். என்று கேட்டால் கிடைக்கும் கம்பியில் நூறு பங்குக்குக் கால் பங்குக்கும் குறைவாகவே கரி, அதாவது கார்பன், கலந்திருக்கும். அது சொன்னபடி வளையும், எத்தனை முறை காய்ச்சினாலும் பொறுத்துக்கொள்ளும். பழகுவதற்கு அதுதான் சரி. ஆனால் அதில் கூர் நிற்காது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்கிலிருந்து 0.6 பங்கு வரை கார்பன் இருக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தால்தான் அது அரிவாளுக்கு ஆகிறது.

இரும்புக்குள் கரியைச் செலுத்தி எஃகாக்கும் வித்தையில் தென்னிந்தியா உலகறிந்த இடம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு வேலைக்கான உலைகளும் மூசைகளின், அதாவது உருக்கும் கலங்களின், எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து போன, வூட்ஸ் எனப்பட்ட எஃகை 1819இல் லண்டனில் எடுத்துப் பகுத்தாய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றி அவர் 1820இல் கட்டுரையும் வெளியிட்டார். மின்சாரத்துக்குப் பேர்போன அந்த அறிஞர் ஒரு கொல்லரின் மகன் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்ன வேலையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். சுவரில் அடிக்கும் ஒரு கொக்கி. பத்து மில்லிமீட்டர் எம்.எஸ். கம்பியின் முனை நான்கு விரல் நீளத்துக்குக் காய்கிறது. நிழலில் முதலில் தெரிவது மங்கிய சிவப்பு. அது அறுநூறு டிகிரிக்குப் பக்கம். பிறகு செர்ரிப் பழச் சிவப்பு, ஆரஞ்சு, ஆயிரத்து நூறு டிகிரியில் மஞ்சள். மஞ்சளில் எடுக்கிறோம். அதற்கு மேலும் விட்டால் வெண்மையாகிப் பொறி தெறிக்கும். தெறிப்பது இரும்பே எரிவது. எரிந்த முனையை வெட்டிப் போடத்தான் வேண்டும்.

எடுத்தவுடன் முனையைப் பட்டடையின் ஓரத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, சுத்தியலையும் அதே அளவு சாய்த்து அடிக்கிறோம். இரண்டு அடி, கால் திருப்பு, இரண்டு அடி, மறுபடி கால் திருப்பு. கம்பி உருண்டையாக இருந்தாலும் கூம்பை முதலில் சதுரமாகத்தான் இழுக்க வேண்டும். உருண்டையை உருட்டி உருட்டி அடித்தால் வெளித்தோல் மட்டும் நகர்ந்து நடுவில் பிளவு விழும். சதுரத்தில் கூர் வந்த பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் லேசான அடிகளால் உருட்டிக்கொள்ளலாம். இடையில் சிவப்பு மங்கினால் அடியை நிறுத்தி உலைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் இரண்டு அடி போட்டுவிடலாம் என்ற ஆசையை அடக்குவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

கூம்பு முடிந்ததும் நுனியைச் சின்னதாகச் சுருட்டி, மறுபடி காய்ச்சி, கொம்பு இல்லாவிட்டால் வைஸில் பிடித்த ஒரு தடித்த குழாய்மேல் வைத்து வளைக்கிறோம். அடிக்கும்போது சுத்தியல் குழாய்க்கு நேர்மேலே விழாமல் சற்றுத் தள்ளி விழ வேண்டும். நேர்மேலே விழுந்தால் கம்பி நசுங்கும். தள்ளி விழுந்தால் வளையும். இந்தக் கொக்கி ஒன்றிலேயே இழுத்தல், உருட்டல், சுருட்டல், வளைத்தல் நான்கும் வந்துவிடுகின்றன. ஒன்று போலவே ஒன்று வரும்வரை செய்யுங்கள். அதற்குள் கத்திக்குத் தாவ வேண்டாம்.

இரண்டாவதாக, ஓர் உளி. வண்டியின் சுருள் ஸ்பிரிங்கை நிமிர்த்தி முனை தட்டியாயிற்று. அடித்த எஃகுக்குள் ஏறியிருக்கும் இறுக்கம் தணிய, இரண்டு மூன்று முறை செர்ரிச் சிவப்புக்குக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். அதன் பிறகுதான் தோய்ச்சல், அதாவது காய்ந்த எஃகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது. நிறத்தில் ஐயம் இருந்தால் காந்தத்தைக் கேளுங்கள். 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலை வந்து, இன்னும் சற்றே நிறம் ஏறியதும், முனையை மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்கு வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்கி, மேலும் கீழுமாக மெல்ல அசைக்க வேண்டும். அசைக்காமல் நிறுத்தினால் எண்ணெய் மட்டத்தின் கோட்டிலேயே விரிசல் விழக்கூடும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஓர் இரும்பு மூடி கையருகே இருக்க வேண்டும்.

இப்போது முனை கண்ணாடி போலக் கடினம், தட்டினால் உடையும். அதன் முரட்டைத் தணிக்க வேண்டும். முனையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் கவனியுங்கள். பின்பக்கம் மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி நடந்து வரும். கூடவே நிறங்களும் வரும். 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி இப்படி நிறம் காட்டுகிறது. இரும்பை வெட்டும் உளிக்கு ஊதா முனையைத் தொட்டதும் மறுபடி தோய்த்து நிறுத்திவிட வேண்டும். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் நொறுங்கும். நீலம் கடந்தால் மழுங்கும். ஊதா வந்து போகும் நேரமும் சில நொடிதான்.

இந்தக் கண்ணைப் புத்தகமோ காணொளியோ தராது. பக்கத்தில் ஒருவர் நின்று, "இப்ப எடு" என்று சொல்லக் கேட்டுத்தான் அது வரும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இன்றும் தனிப் பேர் இருக்கிறது. ஆனால் ஊர்தோறும் இருந்த உலைகள் குறைந்துவிட்டன. டிராக்டர் வந்ததும் ஏருக்குக் கொழு அடிக்கும் வேலை போனது. அறுவடை இயந்திரம் வந்ததும் கருக்கரிவாளுக்குப் பல் வெட்டும் வேலை சுருங்கியது. ஆலையில் அச்சடித்த மண்வெட்டி வந்ததும் மிச்சமும் போனது. தகப்பன் தோய்ச்சல் போட்ட கையைப் பிள்ளைகள் வேறு வேலைக்குத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் பட்டறைக்கு முதல் செலவு செய்யும் முன்பு, அருகில் உள்ள கொல்லரிடம் போங்கள். ஐயா, வாரம் ஒரு நாள் உங்களிடம் வந்து வேலை பழகலாமா என்று கேளுங்கள். கேட்கும்போதே கற்பிப்பதற்கான கூலியையும் பேசிவிடுங்கள். புளோயர் சுற்றுங்கள், சம்மட்டி போடுங்கள், எந்த நிறத்தில் அவர் கை குறட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். பிறப்பால் இன்னாருக்கு மட்டும் என்று நெடுங்காலம் அடைத்து வைக்கப்பட்ட தொழில் இது. அது எல்லோருக்கும் திறக்கட்டும். திறக்கும்போது, அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு மரியாதையும் வருமானமும் சேர்ந்தே போகட்டும். பெண்களுக்கு இது ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனையோ கொல்லர் வீடுகளில் துருத்தி இழுத்ததும் சம்மட்டி போட்டதும் பெண்கள்தான்.

அக்கம்பக்கத்தாரையும் மறக்காதீர்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது விதி. பட்டடையின் ஓசை அதையெல்லாம் எளிதில் தாண்டும். பட்டடையின் இடுப்பில் கனமான சங்கிலியை இறுகச் சுற்றினாலோ, அடியில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினாலோ அந்த மணியோசை நன்றாகவே அடங்கும். பகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தொடங்குமுன் நான்கு வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு மழுங்கிய அரிவாள்மனையையும் வளைந்த கடப்பாரையையும் சரிசெய்து கொடுத்தால், உங்கள் உலைக்குத் தெருவே காவல் நிற்கும்.

பழுதானதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதே வழக்கமாகிவிட்டது. முனை மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சி மறுபடி கூராக்கத் தெரிந்தவர், இரும்பை மட்டுமல்ல, அதைத் தோண்டியெடுத்தவரின் உழைப்பையும் உருக்கிய நிலக்கரியையும் வீணாகாமல் காக்கிறார். அந்தத் திறமை ஒரு தெருவுக்கு ஒருவருக்காவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பட்டறை போட்டுவிடலாம். கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். எந்தக் கொல்லரிடம் போய்க் கேட்பது என்பதை இன்றே பேசி முடிவு செய்வோம்.